எஞ்சியவரின் கணக்கு

நண்பர் ஒருவர் சாகக் கிடந்தபோது நான் மனதுக்குள் போட்ட ஒரு கணக்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அதைக் காரியம் என்று சொல்ல முடியாது. காகிதத்தில் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, அதனால் யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு மேலாக அது என்னிடம் தீராமல் கிடக்கிறது. சட்டத்துக்கோ ஜோசியத்துக்கோ சம்பந்தமில்லாத இம்மாதிரி விஷயங்களைப் பேச நமக்கு இருக்கும் இடங்கள் குறைவு. இந்தப் பக்கங்கள் அவற்றில் ஒன்று என்று நம்பி எழுதுகிறேன்.

அவர் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். என்னைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் தம்பி. பாஸ்புக்கில் வரவு பதிய வந்தவர் கையில் ஒரு சிறுபத்திரிகை இருந்ததைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். பகலெல்லாம் பட்டாசு லேபிளும் காலண்டரும் அடிப்பவர் ராத்திரியில் முன்னூறு பிரதி விற்கும் பத்திரிகைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவற்றைப் பட்டாசு அட்டைப் பெட்டிகளில் வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்தார். என் கவிதை அச்சான இதழைக் கொடுத்தால் கவிதையைப் படிக்கும் முன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மசி எங்கே அதிகம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு கவிதையைப் பற்றிச் சொல்வதும் அநேகமாக அதே மாதிரிதான் இருக்கும். 'நடுவுல மசி ஜாஸ்தி, தம்பி.'

ஒருநாள் பி.எஃப். நியமனப் படிவத்தோடு வந்தார். 'தம்பி, ஒங்க பேரப் போட்டிருவமா? இல்லாட்டி ஒங்க மதினி பத்திரிகையெல்லாம் எடைக்குப் போட்ருவா' என்றார். வேடிக்கைக்குத்தான். ஆனால் விதியை எடுத்துக் காட்டினேன். குடும்பம் உள்ளவர் குடும்பத்துக்கு வெளியே யாரை நியமித்தாலும் அது செல்லாது. குடும்பம் இல்லாதவர் நண்பனை நியமிக்கலாம். பின்னால் கல்யாணம் செய்துகொண்டால் அந்த நியமனமும் தானாகவே செல்லாமல் போய்விடும். அவர் கொஞ்சம் யோசித்தார். 'அப்ப சிநேகிதம்ங்கிறது கல்யாணம் வரைக்கும்தான்' என்றார்.

அதே படிவத்தை வைத்துக்கொண்டு இன்னொரு விதியையும் அவருக்கு விளக்கினேன். என் கணக்கின் ஆதாரம் அந்த விதிதான் என்பதால் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தனியார் தொழிலாளிகளுக்கு இருக்கிற பென்ஷன் 1995 நவம்பர் 16-இல் அமலுக்கு வந்த திட்டத்தின் கீழ் வருவது. முதலாளி செலுத்தும் பங்கில் 8.33 சதவீதம் இதற்குப் போகும். 2014 செப்டம்பர் முதல் மாதச் சம்பளம் 15,000 ரூபாய்வரைதான் கணக்கில் சேரும். 58 வயது முடிந்ததும் பென்ஷன். தொழிலாளி பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு இறந்தால் அவன் வாங்கிக்கொண்டிருந்ததில் பாதி விதவைக்கு. ஆனால் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால், இறந்த அன்று ஓய்வுபெற்றிருந்தால் அவனுக்கு என்ன வந்திருக்குமோ அதற்குக் குறையாத தொகை, முழுசாக, விதவைக்கு. அதோடு 1976-இல் வந்த இன்னொரு திட்டத்தின்படி காப்பீட்டுத் தொகையும் உண்டு. இப்போது அது இரண்டரை லட்சத்திலிருந்து ஏழு லட்சம்வரை.

அண்ணாச்சி அந்த அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தார். ஏட்டில் இருந்தது கடைசி இருபத்தொரு வருஷம் மட்டும். அதற்கு வரக்கூடிய பென்ஷன் மாதம் 3,160 ரூபாய். ஆகவே 58 முடிவதற்கு முந்தின நாள் அவர் இறந்தால் மதினிக்கு 3,160 ரூபாயாவது வரும், காப்பீடும் வரும். பென்ஷன் வாங்க ஆரம்பித்து இறந்தால் 1,580 வரும், காப்பீடு கிடையாது. இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். 'அப்ப சரியான தேதில போகணும்ங்கீங்க.' நானும் சிரித்தேன்.

2023 ஜூலை 28 ராத்திரி அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்கு அன்று புது வருஷக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவர வேண்டும் என்பதால் சிவகாசி அச்சகங்களில் வேலை முறுக்கேறியிருக்கும் சமயம். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எழுபத்திரண்டு மணி நேரம் போகட்டும் என்றார்கள். மதினியும் பையனும் உள்ளே மாறி மாறி நின்றார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். அவருக்கு 58 முடிவது ஆகஸ்ட் 9. எனக்கு அந்தத் தேதி தெரியும். படிவத்தை நிரப்பியவன் நான். இன்னும் பன்னிரண்டு தாள் என்று எண்ணினேன். பன்னிரண்டு தாளுக்குள் என்றால் மதினிக்கு இவ்வளவு, தாண்டினால் இவ்வளவு என்று மனம் தானாகப் போட்டது. அதோடு நிற்கவில்லை. ஒரு நொடி, அதற்கு மேல் இல்லை, தாண்டாமல் இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

அவர் தாண்டினார். பேச்சு பாதி திரும்பியது. வலது கை திரும்பவில்லை. அக்டோபரில் பென்ஷன் நிலுவையோடு வந்தது. சாயங்காலங்களில் போய்ப் பத்திரிகை படித்துக் காட்டுவேன். 2024 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், இரண்டாம் தடவை வந்தது. அன்று ஆஸ்பத்திரிக்குப் போக அவகாசம் இருக்கவில்லை.

இப்போது என் கேள்வி. நான் செய்தது துரோகமா?

சுலபமான பதில்கள் இரண்டு இருக்கின்றன. நினைப்பு தன்பாட்டில் வருவது, அதற்கு யார் பொறுப்பு என்பது ஒன்று. இதை நான் ஏற்கவில்லை. மனம் தானாகப் போட்டது கணக்கு மட்டும்தான். கடைசியில் வந்த அந்த ஆசை கணக்கு அல்ல. கூட்டல் தெரிந்த எவனுக்கும் வரக்கூடியது முதலாவது. இரண்டாவதற்கு ஒருவன் ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கிறது. நான் சாய்ந்தேன்.

இரண்டாவது பதில், சட்டம்தான் குற்றவாளி என்பது. நம் கட்டுரைகளில் இந்தப் பதிலுக்கு எப்போதும் நல்ல வரவேற்பு உண்டு. ஆனால் அந்த விதிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 1971-இல் தொழிலாளிகளுக்குக் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தபோது அது அநேகமாக இறந்தவர்களின் குடும்பத்துக்கானதாகத்தான் இருந்தது. உழைத்துக்கொண்டிருந்தவன் நடுவில் போனால் அவன் குடும்பம் தெருவுக்கு வரக்கூடாது என்பது யோசனை. உயிரோடு ஓய்வுபெறுகிறவனுக்கும் மாதாமாதம் பென்ஷன் என்பது 1995-இல்தான் சேர்ந்தது. வேலையில் இருக்கும்போது வரும் சாவை விபத்தாகவும், ஓய்வுக்குப் பின் வருவதை இயற்கையாகவும் சட்டம் பார்க்கிறது. முப்பது வயதில் செத்தவனையும் எழுபதில் செத்தவனையும் வைத்துப் பார்த்தால் இது நியாயம்தான். எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். எந்தக் கோட்டின் மீதும் யாராவது படுத்துக் கிடப்பார்கள். அண்ணாச்சி கிடந்தார்.

ஆகவே நண்பன் என்கிற உறவுக்குள்ளேயே தேட வேண்டியிருக்கிறது. பி.ஏ. படிக்கும்போது மொந்தேனின் நட்பு பற்றிய கட்டுரையில் ஒரு கதை படித்தேன். லூஷியன் என்ற பழைய எழுத்தாளரிடமிருந்து அவர் எடுத்தது. கொரிந்து நகரத்து யூடமிடாஸ் பரம ஏழை. அவனுக்குப் பணக்கார நண்பர்கள் இரண்டு பேர். சாகும்போது உயில் எழுதினான். என் தாயைக் காப்பாற்றும் பொறுப்பை அரிதியஸுக்கு விட்டுச் செல்கிறேன். என் மகளுக்குச் சீர் செய்து கட்டிக்கொடுக்கும் பொறுப்பைக் கரிக்ஸீனஸுக்கு. இருவரில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு எஞ்சியவருக்கு. உயிலைப் படித்த ஊர் சிரித்தது. நண்பர்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் கரிக்ஸீனஸ் இறந்துபோனான். அரிதியஸ் தாயைப் பார்த்துக்கொண்டான். தன்னிடமிருந்த ஐந்து டேலண்டைச் சரிபாதியாகப் பிரித்துத் தன் மகளுக்கும் நண்பன் மகளுக்கும் ஒரே நாளில் கல்யாணம் செய்துவைத்தான். இந்தக் கதையில் மொந்தேன் கண்ட ஒரே குறை, நண்பர்கள் இரண்டு பேராக இருந்தது.

'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்பதை நான் தினமும் கூட்டுக் கணக்குப் படிவங்களில் டிக் அடித்து வாங்குகிறேன். அது கடனையும் பாரத்தையும் ஆஸ்தியாக எழுதி வைத்தவனின் உயிலிலும் இருப்பதைப் பார்த்தபோது ஏற்பட்ட திகைப்பு இன்னும் போகவில்லை.

நமக்கு இந்தக் கதையைத் தேடிக் கொரிந்துவரை போக வேண்டியதில்லை. பறம்புமலைப் பாரி மூவேந்தர் பகையால் மடிந்த பிறகு அவன் மகளிர் இருவரையும் கூட்டிக்கொண்டு கபிலர் போனார். விச்சிக்கோனிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார். அவர்கள் ஏற்கவில்லை. பார்ப்பாரிடம் அடைக்கலமாக விட்டுவிட்டு வடக்கிருந்து இறந்தார் என்று புறநானூற்றின் பழைய குறிப்புகள் சொல்கின்றன. உன்னோடு வரவிடாமல் என்னை இங்கே நிறுத்திவிட்டுப் போனாயே என்று பாரியைக் குறைசொல்லும் பாட்டும் அதில் இருக்கிறது. கபிலரைக் கவிஞர் என்றே படித்துப் பழகிவிட்டோம். பாரியின் சாவுக்கும் தம் சாவுக்கும் நடுவே அவர் செய்தது வாரிசுகளுக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கிய வேலை. மனு கொண்டு அலைகிறவர்களை தினமும் கவுண்டருக்கு அப்பால் பார்க்கும் எனக்கு அந்தக் கபிலர்தான் முதலில் கண்ணில் படுகிறார்.

கபிலருக்கு நேர்ந்தது யாருக்கும் நேரக்கூடாது என்பதற்காகத்தான் நவீன அரசு வந்தது என்றுகூடச் சொல்லலாம். விதவையும் மகளும் நண்பனின் பெருந்தன்மையை நம்பி இருக்கக்கூடாது. அரிதியஸ் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 1982 டிசம்பர் 17-இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் என்பது எஜமானன் மனமிரங்கிப் போடும் கொடையல்ல, உரிமை என்று சொன்னது. பென்ஷன்காரர்கள் அந்தத் தேதியைத் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். உரிமை வந்த இடத்தில் நட்பு கொஞ்சம் ஒதுங்கி நிற்பது நட்புக்கும் நல்லது.

எங்கள் பகுதியில் உரிமை எல்லோரையும் எட்டிவிடவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் பெண்கள் பலர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுக்கு ஓய்வுபெறும் தேதி என்று ஒன்று கிடையாது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் இறந்தார்கள். அவர்களில் ஆலையில் வேலை பார்க்காதவர்களும் இருந்தார்கள். முதல் வெடியைக் கேட்டு உதவப் போனவர்கள், பார்க்கப் போனவர்கள். தொழிலாளிக்கு எத்தனை சட்டம் இருந்தாலும் ஓடிப்போனவனுக்கு அதில் கட்டம் இல்லை. அவனுக்குக் கிடைப்பது அரசு அறிவிக்கும் நிவாரணம். அதாவது மறுபடியும் கொடை. வங்கியில் இருக்கும் என்னையே எடுத்துக்கொண்டாலும், 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவன் என்பதால் என் சீனியர்களுக்கு இருக்கிற நிச்சயமான பென்ஷனும் குடும்ப ஓய்வூதியமும் எனக்கு இல்லை, சந்தை தருவதுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்ட பின்பும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அரிதியஸுக்கும் கபிலருக்கும் இல்லாத ஒரு நிலைமை எனக்கு இருந்தது. யூடமிடாஸ் இறந்த பிறகுதான் உயில் படிக்கப்பட்டது. பாரி விழுந்த பிறகுதான் கபிலர் புறப்பட்டார். நண்பனுக்குச் செய்வதும் அவன் விட்டுச்சென்றவர்களுக்குச் செய்வதும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தது. நடுவில் தேதி ஒன்றைப் போட்ட சட்டம், மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் புருஷனையும் வாசலில் நிற்கும் மனைவியையும் எதிரெதிர்க் கட்சிகளாக ஆக்கிவிடுகிறது. அவன் வாழும் ஒவ்வொரு நாளும் அவள் பற்றில் எழுதப்படுகிறது. இரண்டு பேருக்கும் வேண்டியவனாக நிற்கிற நண்பன் எந்தப் பக்கம் நிற்பது? நான் எஞ்சப்போகிறவர் பக்கம் போய்விட்டேன். எஞ்சியவருக்காக அலைவது நண்பன் கடமை என்கிற பெயரில் போனேன். படுத்திருந்தவர் பக்கத்தில் அந்த நொடியில் யாரும் இல்லை.

இப்படித்தான் என் தப்பை நான் வெகுநாள் புரிந்துவைத்திருந்தேன். சென்ற நவம்பரில் இது கொஞ்சம் மாறியது.

மதினி உயிர்வாழ் சான்றுக்காக வங்கிக்கு வந்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும். 2014 முதல் விரல்ரேகை வைத்தே செய்துவிடலாம். ஆனால் சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஒட்டிய விரல், ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. இயந்திரம் மூன்று தடவை ஏற்கவில்லை. கடைசியில் முகத்தைப் படம்பிடித்துப் பதிவு செய்தேன். காத்திருக்கும்போது சாதாரணமாகக் கேட்டார்:

'ஏந்தம்பி, அவுக ஆஸ்பத்திரில இருக்கும்போதே போயிருந்தா இப்ப வாரதப்போல ரெண்டு மடங்கு வந்திருக்குமாமே? அச்சகத்துல சொன்னாக.'

பொய் சொல்ல நினைத்தேன். கவுண்டரில் உட்கார்ந்து அது வரவில்லை.

'ஆமா மதினி. தனியா இன்ஷூரன்ஸும் வந்திருக்கும்.'

'ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?'

'தெரியும்.'

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாஸ்புக்கைப் பிரித்து, 1,580 என்று வரிசையாக விழுந்திருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

'அப்ப அந்த அஞ்சு மாசத்தையும் நாந்தான் காசு குடுத்து வாங்கிருக்கேன்' என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. தீபாவளிக்கு எடுத்த சேலையைப் பற்றிச் சொல்கிற குரல். விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் எடுத்ததில் வருத்தமில்லை என்கிற மாதிரி.

1983 டிசம்பரில் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் நாமினி என்பவர் யார் என்று தெளிவாக்கியது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே, உடைமை வாரிசுகளுடையது. 2015-இல் வந்த திருத்தம் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு இதைத் தளர்த்தியது. நண்பன் நாமினியாக இருந்தால் இன்றும் பழைய நிலைதான். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர்வரை நியமிக்கலாம். அதில் நண்பன் பெயரைப் போடத் தடையில்லை. போட்டாலும் அவன் கைதான். இந்த ஏற்பாடு நட்பைச் சிறுமைப்படுத்துவதாக முன்பெல்லாம் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நண்பன் எதை வாங்கினாலும் இன்னொருவருக்காக வாங்குகிறான். அரிதியஸ் செய்ததும் கபிலர் செய்ததும் அதுதான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் அதை மறந்தேன். எண்ணியது தப்பல்ல, எண்ணத் தெரிந்தவன் யாராவது பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும், நாளைக்குப் படிவம் நிரப்ப. ஆனால் அந்த ஐந்து மாதம் வேண்டுமா, அந்த விலைக்கு வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் பாத்தியதை ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் அப்போது உள்ளே நின்று அண்ணாச்சியின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கணக்கை அவரைக் கேட்காமல் நான் போட்டேன். அவர் போடக்கூடியதைவிட மலிவாகப் போட்டேன்.

பத்திரிகைப் பெட்டிகளை மதினி எடைக்குப் போடவில்லை. ஆறு பெட்டிகள் என் வீட்டில் இருக்கின்றன. தனக்குச் சேர வேண்டியது எது, எனக்குச் சேர வேண்டியது எது என்பதை அவர் எந்தப் படிவமும் பார்க்காமல் பிரித்துக் கொடுத்துவிட்டார்.